பேரிங்குக்குள் பீர் டின்

டிரெய்லரில் நின்ற படகுக்கு அடியில் கோரலி மல்லாந்து படுத்து, புரொப்பெல்லரை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும் ஆட்டினாள். விழப்போகிற பல்லைப் போல அது லொடலொடவென்று ஆடியது.

“ராய்ஸ், இங்க வந்து இதப் பாரு.”

அவளுடைய அக்கா நெரிடாவின் கணவன் ராய்ஸ், ஷெட் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்கவில்லை.

“எல்லாப் படகும் கொஞ்சம் ஆடத்தான் செய்யும், கோரலி.”

“கொஞ்சமா? என் சுண்டு விரல் உள்ள போவுது.”

“உன் விரல் ஒல்லி. அதுக்குப் படகு என்ன பண்ணும்?”

அந்தப் படகு அக்கா தங்கை இருவருக்கும் சேர்த்து அப்பா விட்டுப்போனது. பின்னால் கயிறு கட்டி, தண்ணீர்மேல் சறுக்குகிறவர்களை இழுத்துக்கொண்டு பறக்கிற படகு. எஞ்சின் நடுவில் இருக்கும். அதிலிருந்து ஒரு நீளமான எஃகுத் தண்டு படகின் அடிவயிற்றைத் துளைத்துக்கொண்டு சாய்வாகத் தண்ணீருக்குள் இறங்கும்; நுனியில் புரொப்பெல்லர். தண்டு தள்ளாடாமல் இருக்க, படகின் அடியிலிருந்து ஒரு உலோகக் கால் இறங்கி அதைத் தாங்கிப் பிடித்திருக்கும். அந்தக் காலின் வளையத்துக்குள்தான் பேரிங். வெளியே பித்தளைக் குழாய், உள்ளே வரிவரியாக ரப்பர், அதற்குள் சுழலும் தண்டு. வரிகளில் ஓடும் ஆற்றுத் தண்ணீர்தான் அதற்கு எண்ணெய்.

ராய்ஸின் வீடு ஆஸ்திரேலியாவின் மர்ரே ஆற்றங்கரையிலேயே இருந்ததால் கோடைக்காலம் முழுக்கப் படகு அவனிடம்தான் கிடந்தது. கோரலி பக்கத்து ஊரான மொவாமாவில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அவளுக்கு நேரம் கிடைப்பது அபூர்வம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆற்றுப் பந்தயம். ராய்ஸ் படகை ஓட்ட, அவன் மகள் பிரையனி பின்னால் சறுக்க, கோரலி திரும்பி உட்கார்ந்து பிரையனியைக் கவனிக்க வேண்டும். அதற்காக நேற்றுதான் பயிற்சிக்கு ஏறினாள். வேகம் கூடக் கூடப் படகு நடுங்கிய நடுக்கத்தில் அவள் பற்கள் கிடுகிடுத்தன. கரைக்கு வந்ததும் டிரெய்லரைத் தன் வண்டியில் மாட்டி, வழியில் கடையில் ஒரு புதுப் பேரிங்கும் வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு இழுத்து வந்துவிட்டாள். ராய்ஸும் கூடவே வந்து, நேற்று முழுக்க அவள் தலையைத் தின்றது போதாதென்று இன்றும் வந்து உட்கார்ந்திருந்தான்.

தண்டைக் கழற்ற வேண்டுமானால், கியர்பாக்ஸோடு அது இணைகிற இடத்தில் நட்டுகளைத் திருப்ப வேண்டும். அதற்குத் தரைப் பலகையைத் தூக்க வேண்டும். கோரலி படகுக்குள் ஏறிப் பலகையைத் தூக்கினாள்.

நாற்றம் முகத்தில் அறைந்தது.

படகின் அடியில் கறுப்பாக, எண்ணெய்ப் படலம் மினுங்க, சாணளவு தண்ணீர் தேங்கியிருந்தது. அதில் ஒரு வலைப்பை. பைக்குள் இருந்தது ஒரு காலத்தில் ஆட்டுக் கழுத்தாக இருந்திருக்கலாம். இப்போது அது கஞ்சி. அதன்மேல் புழுக்கள் அரிசி கொதிப்பதைப் போலப் பொங்கிக்கொண்டிருந்தன. கோரலி படகின் விளிம்பில் கவிழ்ந்து, காலையில் தின்றதையெல்லாம் புல்தரையில் கொட்டினாள்.

“அட, அது அங்கயா கெடக்கு!” என்றான் ராய்ஸ், தொலைத்த சாவியைக் கண்டவன் மாதிரி. “யாபி பிடிக்க, அதான் ஆத்து இறால் பிடிக்க, கட்டுன இரை. ஒரு மாசமாத் தேடுறேன்.”

“ஒரு மாசம் இது மேலதான உக்காந்து ஓட்டுன? மூக்கு எங்க போச்சு உனக்கு?”

“காத்து பின்னாடி போயிடும் இல்ல.”

பின்னாடி. அங்கேதான் அவன் மகள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறாள். கோரலி மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு பையைக் கரண்டியால் அள்ளி வாளியில் போட்டாள். வாளியை நீட்டினாள். ராய்ஸ் முதுகு வலி என்றான். அவளே கொண்டுபோய்க் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தாள். பிறகு அந்தச் சேற்றுக்குள் தோள்வரை கையை விட்டு, கண்ணுக்குத் தெரியாத நட்டுகளை ஒவ்வொன்றாகத் தடவித் திருப்பினாள். கைவிரல் இடுக்கில் எதுவோ நெளிந்தது. அது என்னவென்று நினைக்காமல் இருக்க, பேருந்தின் நிறுத்தங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டாள்.

புரொப்பெல்லர் லேசில் வரவில்லை. இழுவைக் கருவியை மாட்டி முறுக்கி முறுக்கி, கடைசியில் டப்பென்று துப்பாக்கி வெடித்ததுபோல் கழன்றது. தண்டைப் பின்பக்கமாக உருவி, இரண்டு மரக்கட்டைமேல் கிடத்தினாள். பேரிங்குக்குள் ஓடிய இடத்தில் விரலை வைத்தாள். வழுவழுப்பாக இருக்க வேண்டிய எஃகு, கடித்து வைத்த கரும்பு மாதிரி சுற்றிலும் பள்ளம் விழுந்திருந்தது.

“ராய்ஸ், இது வெறும் தேய்மானம் இல்ல. உள்ள ஏதோ அறுத்திருக்கு.”

“ஆத்து மணல்.”

“மணல் இப்படியா அறுக்கும்?”

அவன் முதல் தடவையாக நாற்காலியிலிருந்து எழுந்து வந்து பக்கத்தில் நின்றான்.

பேரிங்கைப் பிடித்திருந்த திருகுகள் துருவேறி உடைந்தன. உடைந்த துண்டுகளைத் துளையிட்டு எடுத்தாள். பிறகு ரம்பப் பிளேடை வளையத்துக்குள் நுழைத்து, பித்தளைக் குழாயை உள்பக்கமிருந்து நீளவாக்கில் அறுத்தாள். கொஞ்சம் அதிகம் அறுத்தால் வளையமே போய்விடும். அதனால் நாலு இழுப்புக்கு ஒரு தடவை நிறுத்தி டார்ச் அடித்துப் பார்த்தாள். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. ஒரு வழியாகக் குழாய் தளர்ந்தது. உளியால் தட்டினாள். வெளியே வந்து விழுந்தது.

அதற்குள் ரப்பர் பெயருக்குக்கூட இல்லை. அதற்குப் பதில் கறுத்துச் சுருண்ட தகரப் பட்டைகள். யாரோ பீர் டின்னைக் கத்தரித்து, தண்டைச் சுற்றித் திணித்து வைத்திருந்தார்கள். கோரலி ஒரு பட்டையைப் பிரித்தாள். தண்டுப் பக்கம் ஓட்டை ஓட்டையாகப் போயிருந்தது. குழாயை ஒட்டிக் கிடந்த பக்கத்தில் வர்ணம் அழியாமல் இருந்தது. கட்டை விரலால் கசடைத் துடைத்தாள். ஒரு காது, பாதி மீசை, பல் தெரியச் சிரிக்கிற வாய்.

ராய்ஸின் வாய்.

நவம்பரில் அவனுக்கு ஐம்பது வயது நிறைந்தபோது, விருந்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் அவன் முகத்தை அச்சடித்த டின்னில் பீர் கொடுத்தான். கோரலியே இரண்டு குடித்திருந்தாள்.

“ஆறு மாசம் தாங்கும்னு நெனச்சேன்,” என்றான் ராய்ஸ். கூச்சம் இல்லாமல் சிரித்தான். “நல்ல ஐடியாதான. இல்லேங்கிறியா?”

“தெரிஞ்சேதான் ஓட்டுனியா?”

“இப்ப என்ன ஆயிடுச்சு? புதுப் பேரிங் வாங்கி வெச்சிருக்க இல்ல, அதப் போடு. பழைய தண்டையே மாட்டு. ஞாயித்துக்கிழமை ஒரு நாள் ஓடட்டும். அப்புறம் நீ என்ன வேணாலும் நோண்டு.”

“அந்த வேகத்துல இந்தத் தண்டு முறிஞ்சா உருவிட்டுப் போயிடும், ராய்ஸ். தண்ணி குபுகுபுன்னு உள்ள வரும். படகு நட்டாத்துல நிக்கும். பின்னாடி வர்ற படகெல்லாம் உன் பொண்ணு மேல ஏறும்.”

“அவ என்ன தண்டு மேலயா உக்காந்து வரப் போறா? அவளுக்கு ஒண்ணும் ஆகாது.”

கோரலி அவன் முகத்தைப் பார்த்தாள். அந்தச் சிரிப்பு தகரத்தில் இருந்த அதே சிரிப்பு. புழுக்களைப் பார்த்தபோது வந்த குமட்டலே மேல் என்று தோன்றியது.

“கெளம்பு,” என்றாள். “என் ஷெட்ட விட்டு வெளிய போ.”

அவன் நேராகச் சறுக்குக் கிளப்புக்குப் போனான். கோரலிக்குப் படகில் ஏறப் பயம், அதனால்தான் வேண்டுமென்றே படகைப் பிரித்துப் போட்டுவிட்டாள் என்று அங்கே சொன்னான். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க அதுதான் பேச்சு. இருட்டுவதற்கு முன் பிரையனி வந்துவிட்டாள். மர ஆலையில் வேலை பார்க்கிற, பேசும்போது கையை வீசுகிற பெண்.

“என்ன சித்தி இது? வருஷம் பூரா இதுக்காகத்தான் உசிரக் குடுத்தேன்! அப்பா மேல கோவம்னா அவர்கிட்ட காட்டு. என் பந்தயத்த ஏன் கெடுக்குற?”

கோரலி பழைய பேரிங்கை அவள் கையில் வைத்தாள். பிறகு தகரப் பட்டையை. பிரையனி அதைத் திருப்பிப் பார்த்தாள். வீசிக்கொண்டிருந்த கை நின்றது.

“இது அப்பா பொறந்தநாள் டின்னு.”

“ஆமா.”

“அப்ப, நவம்பர்லயே போட்டிருக்காரு.”

“போட்டிருக்கான்.”

போன கிறிஸ்துமஸ் வாரத்துப் பயிற்சியில் பிரையனி விழுந்திருந்தாள். முழு வேகத்தில் போகும்போது படகு திடீரென்று தளர்ந்தது, கயிறு தொய்ந்தது, அவள் தலைகுப்புற அடித்து விழுந்ததில் காது ஜவ்வு கிழிந்தது. ராய்ஸ் எல்லோரிடமும், அவளிடமும், சொன்னது வேறு. படகில் ஒன்றும் இல்லை. பிள்ளைதான் பயந்து கைப்பிடியை விட்டுவிட்டது.

“அன்னிக்கும் நேத்து மாதிரித்தான் படகு நடுங்குச்சு,” என்றாள் பிரையனி மெதுவாக. “நடுக்கம் தாங்காமத்தான் அவரு வேகத்தக் கொறச்சிருக்காரு. நான் கைய விடல சித்தி. விடலேன்னு சொன்னேன். ஒத்துக்கவே இல்ல. நாளாக ஆக எனக்கே நான் விட்டுட்டேனோன்னு ஆயிடுச்சு. ராத்திரியெல்லாம் கனவுல கைய விட்டேன்.”

அவள் அழவில்லை. பட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, “கையுறை இருக்கா?” என்று கேட்டாள்.

புதுத் தண்டு பந்தயத்துக்குள் மெல்போர்னிலிருந்து வந்து சேராது என்று கடையில் சொல்லிவிட்டார்கள். கிளப்பில் பேரை வாபஸ் வாங்கினார்கள். பந்தய நாளில் கரையில் எல்லோரும் சேர்ந்து சாசேஜ் சுட்டார்கள். ராய்ஸ் ரொட்டியில் சாசேஜும் வதக்கிய வெங்காயமும் வைத்துக்கொண்டு, நாலு பேர் நடுவில் கோரலியின் பயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். பிரையனி போய், அவன் தட்டில் வெங்காயத்தின்மேல் அந்தத் தகரப் பட்டையை வைத்தாள். முகம் மேலே தெரியும்படி.

“கிறிஸ்துமஸ் வாரத்துல நான் ஏன் விழுந்தேன்னு இவங்களுக்கு நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?”

“சும்மா வெளையாடாத, கண்ணு,” என்று ராய்ஸ் சிரித்தான். யாரும் கூடச் சிரிக்கவில்லை. அவன் நெரிடாவைப் பார்த்தான்.

நெரிடா பட்டையைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். “சொல்லு ராய்ஸ்,” என்றாள். “நானும் கேக்கணும்.”

அவன் மணலைச் சொன்னான், பழைய பேரிங் விற்ற கடைக்காரனைச் சொன்னான், கோரலியைச் சொன்னான். மகளிடம் மன்னிப்பு என்ற வார்த்தை மட்டும் வரவே இல்லை. நெரிடா கார் சாவியை எடுத்துக்கொண்டு பிரையனியோடு கிளம்பினாள். ராய்ஸ் யாரோ ஒருவரின் வண்டியில் வீடு திரும்பினான். அன்றிலிருந்து படகு கோரலியின் ஷெட்டில்தான்.

தண்டு வந்த வாரம் கோரலியும் பிரையனியும் உட்கார்ந்து வேலையை முடித்தார்கள். புதுப் பேரிங்கை ஃப்ரீசரில் பட்டாணிப் பொட்டலங்களுக்கு நடுவே போட்டுக் குளிர்வித்தார்கள். குளிர்ந்தால் கொஞ்சம் சுருங்கும். மரை வெட்டிய கம்பியை வளையத்துக்குள் விட்டு, இரண்டு பக்கமும் நட்டு முறுக்கி, பேரிங்கை நூல் நூலாக உள்ளே இழுத்தார்கள். தண்டு வழுக்கிக்கொண்டு போனது. எஞ்சினின் கால்களை ஏற்றி இறக்கி, கியர்பாக்ஸும் தண்டும் ஒரே நேர்கோட்டில் வரும்வரை பிரையனி விடவில்லை.

படகை ஆற்றில் இறக்கிய காலையில் ராய்ஸும் அங்கே வந்திருந்தான். கூடாரம் போட்டிருந்த வெளியூர்க்காரர்கள் இரண்டு பேரோடு கரையில் நின்றிருந்தான்.

“பேரிங் போயிருந்திச்சு,” என்று அவன் சொல்வது கோரலிக்குத் தெளிவாகக் கேட்டது. “நாங்கதான் பிரிச்சுப் போட்டோம், நானும் என் கொழுந்தியாளும். பேஜாரான வேலை. உள்ள கெடந்த நாத்தத்த நீங்க பாத்திருக்கணும்!”

வெளியூர்க்காரர்கள் தலையை ஆட்டிப் பாராட்டினார்கள். கோரலி வாய்வரை வந்த பேச்சை விழுங்கப் பார்த்தாள். முடியாமல் திரும்பி ஆற்றில் காறித் துப்பினாள்.

“சித்தி, விடு,” என்றாள் பிரையனி தண்ணீருக்குள்ளிருந்து, கைப்பிடியைச் சரிசெய்துகொண்டே. “அந்தாள் என்ன வேணா சொல்லட்டும். நீ இழு.”

கோரலி வேக நெம்புகோலை முன்னால் தள்ளினாள். கயிறு விறைத்தது. பிரையனி தண்ணீரிலிருந்து எழுந்தாள். வேகம் கூடியது, இன்னும் கூடியது. படகில் ஒரு நடுக்கமும் இல்லை.