மூன்றாம் ஓலை

என் கோபத்தைப் பற்றி முத்தியால்பேட்டையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். "சூசைமேரிகிட்ட ஜாக்கெட் தைக்கக் குடு, அளவு அப்படியே நிக்கும். ஆனா எப்ப தருவன்னு ரெண்டாவது வாட்டி கேக்காத, கத்துவா." இதை என் முகத்துக்கு நேரேயே சொன்னவர்கள் உண்டு. நானும் அதை ஒரு பட்டம் மாதிரிதான் வைத்திருந்தேன். கத்துகிறவள் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டாள் என்று எனக்கு நானே சர்டிபிகேட் கொடுத்துக்கொண்டவள் நான். சிரித்துப் பேசிவிட்டு முதுகுக்குப் பின்னால் குழி பறிக்கிறவர்களுக்கு நான் எவ்வளவோ மேல், இல்லையா?

என் மகள் ஜூலி வேறு மாதிரி. நான் எவ்வளவு கத்தினாலும் முகம் சுளிக்க மாட்டாள். உதட்டோரம் சின்னதாக ஒரு சிரிப்பு வரும். "சரிம்மா, சரிம்மா" என்பாள். எம் பொண்ணு தங்கம், எவ்ளோ திட்டினாலும் சிரிப்பா என்று தெருவெல்லாம் பெருமை பேசியிருக்கிறேன். நெல்லித்தோப்பு ஜெஸ்டினின் அம்மாவும் அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் பெண் கேட்டு வந்தார். பையனுக்குக் கார் ஷோரூமில் வேலை. நிச்சயம் முடிந்தது. இனி மூன்று ஞாயிறு கோவிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று பூசை முடிவில் அறிவிப்பார்கள். மூன்றாம் ஓலையும் ஆகிவிட்டால் தாலிதான் பாக்கி.

முதல் ஓலைக்கு முந்தின சனிக்கிழமை, செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். உட்கார்ந்திருந்தது புதிதாக வந்திருந்த சின்ன ஃபாதர். எனக்கு ஒரு மகன் இருந்தால் அவர் வயசு இருக்கும். எப்போதும் ஒப்பிக்கிறதை ஒப்பித்தேன். கோபப்பட்டேன், வாய்க்கு வந்தபடி பேசினேன், கோபப்பட்டேன்.

"கோபம் வர்றதுக்கு முன்னாடி மனசுல என்ன ஓடுச்சும்மா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் ஓடல சாமி. நேரா கோபந்தான் வந்துச்சு."

"இல்லம்மா, ஏதாவது ஒரு நெனப்பு முந்திக்கிட்டு வந்திருக்கும். கோபத்த அடக்கச் சொல்லல. அந்த நெனப்பப் புடிச்சு, அத என்னான்னு பாருங்க. அதான் உங்களுக்கு அபராதம்."

எப்போதும் போல அபராதமாக மூன்று அருள்நிறை மரியே செபம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் உலை வைக்கலாம் என்று வந்தவளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கிறார்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேற்று அங்கி போட்ட பிள்ளை, எனக்குப் பாடம் எடுக்கிறதா என்று முணுமுணுத்துக்கொண்டே கோவில் படியில் இறங்கினேன். பாதிப் படியில் நின்றுவிட்டேன். அந்தக் கோபத்துக்கு முன்னால் ஒன்று ஓடித்தான் இருந்தது. *என்னை ஓர் ஆளா மதிக்கல.*

அது தற்செயல் என்று நினைத்தேன். எங்கே, இன்னொரு தடவை வரட்டும் பார்க்கலாம், வராவிட்டால் அடுத்த வாரம் அவரிடமே போய் நீங்கள் சொன்னது தப்பு சாமி என்று சொல்லிவிடலாம் என்ற வீம்பில்தான் பார்க்க ஆரம்பித்தேன்.

பார்ப்பது லேசு இல்லை. எனக்குத் தெரிவதற்குள் வாய் முந்திக்கொள்ளும். வெட்டுவதற்கு விரித்து வைத்த பட்டுத்துணி மேல் என் வீட்டுக்காரர் லூர்துநாதன் ஈரத்துண்டைப் போட்டார். தெருமுனை வரை கேட்கிற மாதிரி கத்தி முடித்த பிறகுதான் தேடினேன். அதேதான். இவரு என்னை மதிக்கல. ஜாக்கெட் வாங்க வந்த கன்னியம்மாள் கழுத்து இறக்கம் தான் சொன்ன மாதிரி இல்லை என்றாள். பாதிக் கத்தலில் பிடித்தேன். அதேதான். அப்படியே வாயைத் திறந்தபடி நின்றதைப் பார்த்துக் கன்னியம்மாள் பயந்துபோய், "இன்னாக்கா, நெஞ்சு கிஞ்சு வலிக்குதா?" என்று தண்ணீர் கொண்டுவந்தாள். பால் பாக்கெட் லேட்டானாலும் அதே, கரண்ட் போனாலும் அதே. கரண்ட் என்னை எதற்கு மதிக்க வேண்டும்? ஒரே ஆள் வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்து வந்து கதவைத் தட்டியிருக்கிறான், நானும் ஒவ்வொரு தடவையும் புது ஆள் என்று சண்டைக்குப் போயிருக்கிறேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக முன்னாலேயே பிடிபட்டது. அந்த வாக்கியம் உள்ளே வரும்போதே மெஷின் மிதியிலிருந்து காலை எடுத்துவிடுவேன். தையல் நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். கொஞ்ச நேரத்தில் தானாகத் தளர்ந்துவிடும். சில நாள் தோற்றேன். தோற்றாலும் விடவில்லை. வீம்பில் ஆரம்பித்ததை அதே வீம்பில்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். இதையெல்லாம் நான் சொல்லிக் கேட்டிருந்த லூர்துநாதன், மெஷின் சத்தம் திடீரென்று நின்றால் அடுத்த அறையிலிருந்து, "வந்துட்டானா மேரி உன் ஆளு?" என்று கிண்டல் செய்வார்.

இதற்குள் இரண்டு ஓலையும் வாசித்தாகிவிட்டது. மூன்றாம் ஓலைக்கு முந்தின நாள் சாயந்தரம் ஜூலியை நிற்க வைத்துக் கல்யாண ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்தேன். தோளில் தொங்கியது. இடுப்பில் ரெண்டு விரல் உள்ளே போயிற்று. அளவெடுத்து ஒரு மாசம்கூட ஆகவில்லை.

கண் எரிய எரிய நான் தைக்கிறேன், இவள் சாப்பிடாமல் கொள்ளாமல் இளைத்துப்போய் அளவைக் கெடுக்கிறாள், என்னை மதிக்கல. வந்தான் என் ஆள். வா, உட்கார் என்றேன் மனசுக்குள்.

வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்துக் கீழே வைத்தேன். "ஏன்டி எளச்சிட்ட?" என்று கேட்டேன்.

அந்தச் சிரிப்பு வந்தது. "ஒண்ணுமில்லம்மா, சரியாயிடும்."

காத்திருந்தேன். சிரிப்பு அவள் உதட்டில் கொஞ்ச நேரம் நின்றது. நான் கத்தாததால் அதற்கு வேலை இல்லாமல் போய், மெதுவாக இறங்கிவிட்டது. உள்ளே இருந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. பயந்துபோன முகம்.

"அம்மா, நாளைக்கு ஓல வாசிக்க வேணாம்."

தலைக்குள் எல்லாம் ஒன்றாகக் கூவியது. மண்டபம், பத்திரிகை, என் நாத்தனார் வாய், கோவிலில் திரும்பிப் பார்க்கப்போகிற தலைகள். மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்தேன். கால் மிதியைத் தொடாமல் பார்த்துக்கொண்டேன்.

"சொல்லு" என்றேன்.

"போன வாரம் அவரு கூட பீச்சாண்ட போயிருந்தேன்ல. நான் போன் எடுக்கலன்னு எல்லாரு எதுர்லயும் கத்துனாரு. கையப் புடிச்சு முறுக்கினாரு. அப்புறம் அவரே ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தாரு."

"நீ இன்னா பண்ண?"

"சிரிச்சேன்." கண் நிறைந்து வழிந்தது அவளுக்கு. "நான் யோசிக்கவே இல்லம்மா. தானா சிரிப்பு வந்துடுச்சு. சரிங்க, சரிங்கன்னேன். வீட்டுக்கு வந்தப்பறம்தான் பயமாயிடுச்சு. இவ்ளோ ஈசியா வருதே, இது எனக்கு எப்பிடிப் பழகுச்சுன்னு."

"எங்கடி பழகுன?" கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

"உங்கிட்டதாம்மா."

எனக்குள் அந்தப் பழைய வாக்கியம் அன்றைக்கு வந்த மாதிரி என்றைக்கும் வந்ததில்லை. பெற்று, வளர்த்து, மெஷின் மிதித்துப் படிக்க வைத்தவளை இப்படிச் சொல்கிறாளே, என்னை மதிக்கல, மதிக்கல, மதிக்கல. பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். அது என் எதிரில் நின்று கத்தியது, நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது ஓய்ந்த இடத்தில் அவள் சொன்னது மட்டும் மிச்சம் இருந்தது. அது பொய் இல்லை. எனக்கு அவமானமாக இருந்தது. நான் தங்கம் தங்கம் என்று ஊரெல்லாம் காட்டிய சிரிப்பு, என் பிள்ளை எனக்குப் பயந்து பயந்து கற்றுக்கொண்டது.

எழுந்து அவள் தோளிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். "சுடிதார் மாத்திக்கினு வா. ஃபாதர் வீட்டுக்குப் போறோம்."

லூர்துநாதன் வாசலில் குறுக்கே வந்தார். "மேரி, ரெண்டு ஓல ஆயிப்போச்சு. நாலு பேரு இன்னா சொல்லுவாங்க?"

"தடை இருந்தா வந்து சொல்லுன்னுதான மூணு வாட்டி வாசிக்கறாங்க? அதான் சொல்லப் போறேன். வண்டி சாவிய குடுங்க."

கத்தாமல் சொன்னதால்தானோ என்னவோ, மறுபேச்சுப் பேசாமல் சாவியைக் கொடுத்தார்.

சின்ன ஃபாதர் ஜூலியிடம் மட்டும் தனியாக ரெண்டு கேள்வி கேட்டுவிட்டு, நாளைக்கு வாசிக்க மாட்டோம் என்றார். ஜெஸ்டினின் அம்மாவுக்கு நானே போன் போட்டேன். அந்தம்மா கத்தினார். போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்துக் கேட்டுக்கொண்டேன். கத்துவதற்கு முன்னால் அந்தம்மா மனசில் என்ன ஓடியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் முடிவை மாற்றவில்லை.

மறுநாள் பூசையில் வேறு ரெண்டு ஜோடிகளின் ஓலையை வாசித்தார்கள். முன் பெஞ்சிலிருந்து பிலோமினா திரும்பி, "இன்னா மேரி, உம் பொண்ணு பேரு உட்டுப்போச்சே?" என்றாள்.

"உட்டுப்போவல. நாங்கதான் எடுக்கச் சொன்னோம்" என்றேன். அவள் இன்னும் ஏதோ கேட்க வாயைத் திறந்தாள். நான் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தேன்.

வீட்டுக்கு வந்து ஜூலி வஞ்சிரக் குழம்பு வைத்தாள். கரண்டியில் எடுத்து நாக்கில் வைத்தேன். ஒரே உப்பு. ரெண்டு நாளாக அடக்கி வைத்த களைப்போ என்னவோ, பிடிப்பதற்குள் வாய் முந்திவிட்டது. "அறிவிருக்காடி உனக்கு? மீனக் கெடுத்து வச்சிருக்க!"

கூடத்தில் லூர்துநாதன் பேப்பரை இறக்கினார்.

ஜூலி அடுப்பை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். உதட்டில் சிரிப்பு இல்லை. மூக்கு நுனி சிவந்திருந்தது. என் பெண்ணுக்குக் கோபம் வரும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"கத்தாதம்மா" என்றாள். "உப்பு ஜாஸ்தின்னா, உப்பு ஜாஸ்தின்னு சொல்லு."

என்னை மதிக்கல என்றது உள்ளே. இல்லடா, இப்போதுதான் மதிக்கிறாள் என்றேன் அதனிடம்.

"உப்பு ஜாஸ்திடி" என்றேன்.

"புளித்தண்ணி கொஞ்சம் ஊத்தறேன், சரியாயிடும்" என்று பாத்திரத்தை எடுத்தாள்.