கடலில் தொடங்கிய கங்கை

தில்பர் எழுந்து அடிகுழாயில் தண்ணீர் அடித்தான். முகம் கழுவினான். ஒரு தம்ளர் தேநீர் போட்டான். பொரியில் வெங்காயம் நறுக்கிப் போட்டு, கடுகெண்ணெய் விட்டுப் பிசைந்து தின்றான். பாயைச் சுருட்டினான். மனைவி ஜொபா போன பிறகு எல்லாக் காலையும் இப்படித்தான். இன்று மட்டும் அவள் வரைந்த படச்சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு கொல்கத்தா பஸ் ஏறினான்.

அவர்கள் சித்ரகர்கள். படத்தைக் கட்டம் கட்டமாக அவிழ்த்து, விரலால் தொட்டுக் காட்டிப் பாடிப் பிழைக்கிறவர்கள். முஸ்லிம்கள்தான்; தொழுகையும் உண்டு, சிவன் பாட்டும் உண்டு. அவன் வீட்டில் வரைவது ஜொபா. பாட்டுக் கட்டிப் பாடுவது பி.ஏ. படித்த தில்பர். நதிகளைப் பற்றிய கண்காட்சி ஒன்றுக்காக அவள் கங்கையை வரைந்தாள். முடித்த அன்றே டெங்குக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். திரும்பவில்லை. அதிலிருந்து அவனுக்குப் பாட்டு வரவில்லை.

கண்காட்சியை நடத்தும் ஷர்மிஷ்டா சுருளைத் தரையில் விரித்துப் பார்த்தாள்.

"என்ன தில்பர் இது? முதல் கட்டத்துல கடல், கடைசியில சிவன். மாத்தி ஒட்டிட்டீங்களா?"

"இல்ல தீதி. அவ அப்படித்தான் ஒட்டினா."

மற்ற சித்ரகர்கள் எட்டிப் பார்த்தார்கள். கங்கைப் படம் சிவன் சடையில்தான் தொடங்கும். வேறு மாதிரி யாரும் வரைந்ததில்லை. அவர்களில் மூத்தவரான ஃபொரித் சாச்சா சத்தமாகச் சிரித்தார். "டேய், உன் பொண்டாட்டி சிவனைக் கடைசி ஆளா நிக்க வெச்சிருக்கா. இதென்ன ரேஷன் கடையா?"

"காய்ச்சலோட ஒட்டியிருப்பா, பாவம்" என்றார் இன்னொருவர்.

அந்தப் 'பாவம்' தில்பருக்குச் சுருக்கென்றது. பல நாளாக எதுவும் சுருக்கென்றதில்லை.

ஷர்மிஷ்டா கத்தரிக்கோலை எடுத்தாள். "தாளைப் பிரிச்சு வரிசையா ஒட்டிடலாம். நாளைக்குத் திறப்பு விழா. இப்படியே மாட்டினா எல்லாரும் அவளைப் பாத்துத்தான் சிரிப்பாங்க."

"கத்தரிய வைங்க தீதி. ஒரு தடவை பாடிக் காட்டுறேன். அப்புறமும் தப்புன்னு பட்டா நானே வெட்டித் தர்றேன்."

சுருளைச் சுருட்டிக் கையில் பிடித்தான். முதல் வரி உடைந்தது. மறுபடி எடுத்தான்.

கடலை விட்டேன், உப்பை விட்டேன்,
கருவைச் சுமந்து ஆறேறி வந்தேன்.

முதல் கட்டத்தில் கடல். அதில் வயிறு புடைத்த ஓர் இலிஷ், வங்காளத்தார் ஆசையாகத் தின்னும் மீன். சுருள் அவிழ அவிழ அதே மீன் சுந்தரவனச் சேற்றைத் தாண்டியது, பாலத்துத் தூண்களுக்குள் நுழைந்தது, விளக்குக்கரி தீட்டிய சாக்கடை வாயில் மூச்சு வாங்கியது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு செதில் குறைந்தது. பிறகு அணை. மீன் சுவரில் மூக்கை வைத்து நின்றது. கடைசிக் கட்டத்தில் சடை நிறையச் சங்குப்பூ நீலம். மீன் இல்லை. சிவன் கழுத்தைத் தூக்கி, அணை இருந்த கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிந்தது.

"இலிஷ் முட்டை போடறதுக்குக் கடல்லேருந்து ஆத்துல எதிர்த்து ஏறும்" என்றாள் ஷர்மிஷ்டா மெதுவாக. "இத்தனை வருஷமா கடுகு அரைச்சுப் போட்டுத் தின்னிருக்கேன். அது எந்தப் பக்கம் போச்சுன்னு ஒரு நாளும் கேட்டதில்ல." கத்தரிக்கோலை மேசை இழுப்பறைக்குள் போட்டுச் சாத்தினாள். "வாசல் எதிர்ச் சுவர்ல இதை மாட்டுங்க."

"எங்க ஊர்ப் பொண்ணு" என்றார் ஃபொரித் சாச்சா, தானே வரைந்தது போல மீசையைத் தடவிக்கொண்டு.

மறுநாள் கூட்டம் அந்தச் சுவரை விட்டு நகரவில்லை. தில்பர் பாடிப் பாடித் தொண்டை கட்டிப்போனான். நெஞ்சை நிமிர்த்தியே நின்றான். ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் அவள் பெயரை முழுதாகச் சொன்னான்: ஜொபா சித்ரகர்.

பத்திரிகைக்காரப் பெண் ஒருத்தி கேட்டாள். "நதியைப் பத்தி அவங்க கடைசியா என்ன சொன்னாங்க?"

"மீனுக்கு வழி விடுங்கன்னு சொன்னாள்னு சொல்லுடா" என்று சாச்சா காதோரம் கிசுகிசுத்தார்.

தில்பர் தலையாட்டி மறுத்தான். அவள் சொல்லாததை அவள் வாயில் வைக்க அவனுக்கு மனமில்லை. அவள் செய்ததே போதும்.

"ஆம்புலன்ஸ்ல ஏத்தும்போது என் கையப் பிடிச்சு இழுத்தா" என்றான். "'கதவைச் சாத்திட்டு வா. சாயம் இன்னும் காயல. ஆடு வந்து சிவனை நக்கிடப் போகுது.'"