பாதி திருப்பிய சாவி

எல்லாரும் சௌக்கியம்தானே? முட்டிவலி, முதுகுவலி எல்லாம் தேவலையா? வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறீர்களா? அப்படியானால் மேலே படியுங்கள். இளகின மனசுக்காரர்கள் கொஞ்சம் தைரியத்தை வரவழைத்துக்கொள்ளுங்கள். இதில் ரத்தம் இருக்கிறது.

ஒரு பூட்டுக்காரி இருந்தாள். பஸ் நிலையத்துக்குப் பின்னால், ரெண்டு பேர் நின்றால் மூச்சு முட்டுகிற கடை அவளுடையது. புருஷன் லாரியோடு போனால் எப்போது வருவான் என்று லாரிக்கே தெரியாது. ஒரு மத்தியானம் அவள் கடையைச் சாத்தப் போகும்போது கொழுந்தன், அதாவது புருஷனின் தம்பி, மூச்சிரைக்க வந்து நின்றான்.

"அண்ணி, படுக்கையறைக் கதவு பூட்டிக்கிச்சு. கொஞ்சம் வந்து திறந்து விடுங்க."

"உன் பொண்டாட்டி எங்க?"

"அவ அம்மா வீட்டுக்குப் போயிருக்கா."

"அதான் சட்டைப் பட்டனை மாத்தி மாத்திப் போட்டுட்டு வந்திருக்கியா?"

அவன் சிரிக்கவில்லை. அப்போதே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும்.

அவன் வீட்டுப் படுக்கையறைக் கதவில் இருந்தது பழைய பூட்டு. துளை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம்வரை நேராகப் போகும். பூட்டுக்காரி மண்டியிட்டு, கம்பிகள் செருகிய தோல்சுருளை விரித்தாள். உள்பக்கம் சாவி செருகியிருந்தது. அதைத் தள்ளிவிட நேர்க்கம்பியை நுழைத்து லேசாக அழுத்தினாள். சாவி கொஞ்சம் பின்னால் போனது. பிறகு திரும்பி வந்தது.

அந்தப் பக்கத்திலிருந்து யாரோ தள்ளினார்கள்.

கதவுக்கடியில், தரையோரம், விரல்களால் தேய்த்த மாதிரி சிவப்பாக ஒரு தீற்றல். உள்ளே இருப்பவள் தன் ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி என்பது புரிந்துவிட்டது.

"தம்பி, இந்தக் கம்பி சரிப்படாது. கடைக்குப் போய் வேற எடுத்துட்டு வரேன்."

அவன் வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டான். அவள் பையிலிருந்தே சுத்தியலை உருவினான். எழப் போனவளின் காதோரம் ஓங்கி ஓர் அறை. கண்ணுக்குள் பூச்சி பறந்தது.

"உக்காருங்க அண்ணி. எனக்குத் தெரியாம வேலைக்கு எழுதிப் போட்டிருக்கா. ஏன்டின்னு கேட்டா எதிர்த்துப் பேசுறா. இன்னைக்கு அவளை முடிக்காம விட மாட்டேன். திறங்க."

ஜன்னலுக்குக் கம்பி போட்ட அறை. ஓரகத்தியின் போனோ இவன் சட்டைப்பையில். உள்ளே இருக்கிறவளுக்கு இந்தக் கதவை விட்டால் நாதியில்லை. பூட்டுக்காரி வாயில் ஊறிய ரத்தத்தைத் துப்பிவிட்டு, தெருவில் கூவி விற்கிற குரலில் ஆரம்பித்தாள்.

"இது கொக்கி. உள்ள இருக்கிற தகட்டை ஒண்ணொண்ணா தூக்கும். இது அழுத்துக்கம்பி. தூக்கின தகடு விழாம இறுக்கிப் பிடிக்கும். இது பாம்பு, நெளிநெளியா இருக்கு பாரு. சின்னப் பூட்டுன்னா இதை விட்டுச் சரசரன்னு இழுத்தாலே திறந்துக்கும். இந்தப் பூட்டுக்கு ஆகாது."

"பாடமா நடத்துறீங்க?"

"எதை விடறேன்னு தெரியணும்ல? இது நேர்க்கம்பி. அந்தப் பக்கத்துச் சாவியைத் தள்ள. சாவி நேரா இருந்தாத்தான் தள்ளும். பாதி திருப்பி விட்டுட்டா அவ்வளவுதான். எந்தக் கம்பியும் நுழையாது. நான் என்ன, எங்கப்பனே வந்தாலும் திறக்க முடியாது!"

"எதுக்குக் கத்துறீங்க? எனக்கென்ன காது செவிடா?"

"நீ அடிச்ச அடியில எனக்குத்தான் அடைச்சுக்கிச்சு, தம்பி."

உள்ளே 'கடக்' என்றது.

ஒரு நிமிஷம் அவன் விழித்தான். புரிந்ததும் அவள் கொண்டையைப் பிடித்து நெற்றியைக் கதவில் மோதினான். ஒரு தரம் இல்லை, கை சலிக்கும்வரை. சரிந்து விழுந்தவளின் வலதுகையைச் செருப்புக்காலால் மிதித்து, சுத்தியலை இறக்கினான். விரல்கள் சுள்ளி மாதிரி முறிந்தன. அவள் போட்ட அலறலில் உள்ளே இருந்தவளும் அலறினாள்.

பிறகு அவன் சுத்தியலால் கதவை அடிக்க ஆரம்பித்தான். பலகை பிளந்தது. பிளவு வழியே கையை விட்டுச் சாவியைத் துழாவினான். ஓரகத்தி அந்தக் கையைக் கடித்தாள். "விடுறி!" என்று உறுமிக்கொண்டு மறுபடி சுத்தியலை ஓங்கினான்.

பூட்டுக்காரியின் இடதுகை தோல்சுருளைத் தடவியது. அகப்பட்டது முள்கம்பி. துளைக்குள் முறிந்துபோன சாவித்துண்டைக் கவ்வி இழுக்கிற கம்பி அது. மீன்தூண்டில் மாதிரி பின்பக்கம் பார்த்த பற்கள். அதை அவன் குதிகாலுக்கு மேலே, நரம்பு புடைத்த இடத்தில், பிடிவரைக்கும் குத்தினாள்.

முள்கம்பி மாட்டிக்கொண்டால் தொழில் தெரிந்தவர்கள் முன்னால் தள்ளி, திருப்பி, நிதானமாக எடுப்பார்கள். அவனோ வலி தாங்காமல் ஒரே இழுப்பாக இழுத்தான். சதையும் நரம்பும் சேர்ந்தே வந்தன. கால் மடங்கி, மரம் சாய்கிற மாதிரி சாய்ந்தான். நழுவிய சுத்தியலை அவள் இடதுகையால் எடுத்து அவன் முழங்காலில் ஒரு போடு போட்டாள். அவள் காலைப் பிடிக்க நீண்ட கையிலும் ஒன்று.

"அம்மாடி, சாவியைத் திருப்பு!"

"அக்கா... அவர்?"

"கீழ கிடக்கான். திருப்பு."

"திரும்ப மாட்டேங்குதுக்கா!"

அடித்த அடியில் பூட்டே நசுங்கியிருந்தது. பூட்டுக்காரி தன் வலதுகையைப் பார்த்தாள். கொக்கி பிடிக்கிற கையா அது? பிசைந்த மாவாகத் தொங்கியது. வாழ்நாளில் ஒரு கதவையும் உடைத்துத் திறந்ததில்லை என்று வீம்பு பேசுகிறவள், இடதுகையால் சுத்தியலை வீசினாள். உள்ளேயிருந்து ஓரகத்தி பலகைகளைப் பிய்த்தாள்.

"அண்ணி, ரத்தம் நிக்கலை அண்ணி..."

"வாயை மூடு. கத்தினா இன்னும் வரும்."

ஓரகத்தி பிளவு வழியே தலைகுனிந்து வெளியே வந்தாள். ஒரு கண் மூடியே போயிருந்தது. உதடு கிழிந்திருந்தது. அவன் சட்டைப்பையிலிருந்து தன் போனை எடுத்துக்கொண்டாள். கொடியில் கிடந்த துண்டை அவன்மேல் எறிந்துவிட்டு, "கட்டிக்கோ. செத்துட்டா போலீஸ்ல யாரைக் காட்டுறது?" என்றாள். அவனிடம் ஒருமையில் அவள் பேசியது அதுதான் முதல்முறை.

ரெண்டு பேரும் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து, நல்ல வெயிலில், தெரு முழுக்கப் பார்க்கிற மாதிரி நடந்து போனார்கள்.

கதை இவ்வளவுதான். நீங்களோ உங்களுக்குத் தெரிந்தவர்களோ இப்படி ஒரு கதவுக்குப் பின்னால் நின்றதுண்டா? யார் வந்து திறந்தார்கள்? கூச்சப்படாமல் எழுதி அனுப்புங்கள், உட்கார்ந்து படிக்கிறேன்.