துரை வீட்டில் இல்லாத சேனல்

அன்று மழை தூறியதாக எனக்கு ஒரு நினைவு. பிளாக்கில் கேட்டால், அந்த மாசத்தில் ஏது மழை என்கிறார்கள். டிவியை இறக்கி வைக்க யாராவது தரையைக் கழுவிவிட்டிருப்பார்கள், அந்த ஈரத்தை நான் மழையாக்கிக்கொண்டேனோ என்னவோ. மூன்று வருடத்துக்குள் இவ்வளவு கலைந்துபோயிருக்கிறது. பீம்ராவ் திருவொற்றியூருக்குப் போனது, அங்கே நடந்தது எல்லாம் பின்னால் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் ஒரு வாக்கியம் சொல்லி அடுத்த வாக்கியம் சொல்வதற்குள் டீ ஆறிவிடும். நடுவில் விட்டதை நானே இட்டு நிரப்பியிருக்கலாம். ஒன்றில் மட்டும் சந்தேகமில்லை. ஓ.டி.பி. சொன்ன நூற்றுநான்கு வீடுகளில் என் வீடும் ஒன்று.

பீம்ராவுக்குத் துறைமுகத்தில் லாஷிங் வேலை. கப்பலில் அடுக்கிய கன்டெய்னர்கள் கடலில் ஆடி விழாதபடி இரும்புக் கம்பி போட்டு முறுக்கிக் கட்டவேண்டும். ஒரு கட்டு தளர்ந்தால் மேலே உள்ளது மொத்தமும் சரியும் என்பார். வாழ்க்கையிலும் அப்படித்தான் இருந்தார். வியாசர்பாடியில் எங்கள் வாரியக் குடியிருப்பில் யாருக்குப் போனில் என்ன வந்தாலும் முதலில் அவரிடம்தான் காட்டுவார்கள். நம்பர் கேட்டால் சொல்லாதே என்று பிள்ளைகள் பெரியவர்களை மிரட்டி வைத்திருந்தார்கள். ஆனாலும் அந்த நம்பரை பீம்ராவிடம் மட்டும் காட்டலாம் என்று ஒரு வழக்கம் தானாக வந்துவிட்டிருந்தது. பேங்க், ரேஷன், காஸ், எல்லாம் அவர் கண்ணில் பட்டுத்தான் போகும்.

எங்களுக்கு கேபிள் கொடுப்பவன் துரை. அவனும் பீம்ராவும் ஒரே ஃபுட்பால் டீமில் பதினோரு வருடம் ஆடியவர்கள். துரை முன்னால் ஓடுவான், பீம்ராவ் பின்னால் கோல் காப்பார். துரை பிறகு கேபிள் எடுத்து, திருவொற்றியூரில் சொந்த வீடு கட்டிப் போனான். பீம்ராவ் அதே மூன்றாவது மாடியில் இருந்தார். அவர் மகள் மாயாவும் கோல் கீப்பர்தான். மாநில மகளிர் லீக்கில் அவளுடைய டீம் அந்த வருடம் மேலே ஏறிக்கொண்டே வந்தது.

டிசம்பரில் துரை ஒரு தாளோடு வந்தான். தமிழ் ஸ்போர்ட்ஸ் பேக், மாதம் எழுபது ரூபாய் அதிகம்.

"மாமு, நம்ம லைன்ல நூறு பாக்ஸாவது எட்த்தாதான் கம்பெனிகாரன் சேனல வுடுவான். பொண்ணுங்க மேட்ச் ஃபைனல் இதுலதான் வரும். மாயா ஃபைனல் ஆட்றத நம்ம ஜனம் பாக்க வேணாமா?"

"எழுபது ரூபா ஜாஸ்திடா. வேணாம்னா வுட்றலாம்ல?"

"நாலு மாசம். அப்பால எட்த்துடலாம். உன் பொண்ணுக்காக வந்து கேக்குறேன், நீ கணக்கு பாத்துகினு கீற."

பேக்கை மாற்ற ஒவ்வொரு வீட்டுப் போனுக்கும் ஓ.டி.பி. வரும். இரண்டு ஞாயிற்றுக்கிழமை பீம்ராவ் மாடி மாடியாக ஏறினார். வாசலில் நின்று, போனை வாங்கி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, நம்பரைத் துரைக்குப் படித்துச் சொல்வார். என் வீட்டிலும் அப்படித்தான். எதற்கு என்றுகூட நான் கேட்கவில்லை.

தரைத்தளத்தில் சொக்கம்மாள். காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருவில் விற்பவள். அவளுக்குப் பந்து எது, கோல் எது என்று தெரியாது. எட்டு மணி சீரியல் ஒன்றுதான் அவளுக்கு உலகம்.

"எழுபது ரூபாய்க்கு நா எங்க போவேன் பீமு?"

"வேணாம்னா வுடு க்கா."

அவள் கூடையை இறக்கி வைத்தாள். "அந்த சீரியல் சேனலுக்கு துட்டு வாங்குறான்ல, அத்த எட்த்துட்டு பந்து சேனல போட சொல்லு. நம்ம வூட்டு பொண்ணு வருதுன்னா பாக்காம கீறதா? அந்த மருமவ எப்டியும் நாலு மாசம் அயுதுகினுதான் இருப்பா, நான் இல்லன்னா இன்னா."

நான்கு மாதம் அந்த சேனல் வந்தது. ஆண்கள் மேட்ச், கபடி, பழைய கிரிக்கெட் எல்லாம் காட்டினார்கள். பெண்கள் மேட்ச் ஒன்றுகூடக் காணோம். கேட்டதற்கு, ஃபைனல் மட்டும்தான் போடுவான் என்றான் துரை. மாயாவின் டீம் ஃபைனலுக்கும் வந்துவிட்டது. திருச்சியில், ஞாயிறு மாலை நான்கு மணிக்கு.

டீம் கோச் ஐரீன் வீட்டுக்கே வந்து கூப்பிட்டாள். "அண்ணே, வேன்ல ஒரு சீட் காலி கீது. வாங்கண்ணே. பொண்ணு ஃபைனல் ஆட்றா."

பீம்ராவ் மகளைப் பார்த்தார். அவள் கையுறையைத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தாள். "நா வந்துட்டா இங்க யாரும்மா டிவி போட்றது? நூத்திநாலு வூட்ட நான்தானே கேட்டேன். நாங்க எல்லாம் இங்க குந்திகினு பாக்குறோம்."

மாயா தலையை நிமிர்த்தாமல், "வரலன்னா போ நைனா. டிவில கை காட்றேன், பாரு" என்றாள்.

ஞாயிறு மூன்றரைக்கே, எல்லோரும் சேர்ந்து பார்க்க டிவியைக் கீழே இறக்கினோம். சொக்கம்மாள் அன்று மீன் எடுக்கவே போகவில்லை. நான்கு மணிக்கு சேனலைப் போட்டால் கபடி ஓடியது, போன வருடத்து மேட்ச். நாலே கால். கபடிதான். பீம்ராவ் துரைக்குப் போன் போட்டார். ஸ்விட்ச் ஆஃப். பெட்டியை அணைத்துப் போட்டார், ஒயரைப் பிடுங்கிச் செருகினார்.

பின்னாலிருந்து பாரி கேட்டான். பீம்ராவோடு கப்பலில் ஏறுகிறவன். "இன்னாண்ணே, பொண்ணு கபடிக்கு மாறிட்ச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். பீம்ராவும் சிரித்தார். "லைன்ல ஏதோ பேஜாரு. துரை வூட்டாண்ட போய் பாத்துட்டு வர்றேன். மெயின் லைன் அங்கதான கீது, அங்க வரும்" என்று பைக்கை எடுத்தார்.

திருவொற்றியூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. லாரிக்கும் லாரிக்கும் நடுவே காலை ஊன்றி ஊன்றித்தான் போக முடிந்தது. முதல் பாதி முடிந்திருக்கும் என்று மனசுக்குள் கணக்கு ஓடியது. இரண்டாம் பாதியாவது கிடைக்கும். துரை வீட்டில் அவன் மனைவி புஷ்பவல்லி கதவைத் திறந்தாள். துரை வெளியே போயிருந்தான்.

"டிவி போடும்மா, சீக்கிரம். ஸ்போர்ட்ஸ் சேனலு."

"அது நம்ம வூட்ல வராதுண்ணே."

"இன்னா வராது?"

"அந்த பேக் நாங்க போடலியே. எழுபது ரூபா தண்டம்னு சொல்ட்டாரு." அவள் அவருக்குத் தண்ணீர் எடுத்து வந்து கொடுத்தாள். "நான்கூட கேட்டேன், நம்ம மாயா ஆட்றத பாக்க வேணாமான்னு. அதுல பொண்ணுங்க மேட்ச் எதுவுமே கெடையாதாமே? கம்பெனிகாரன் குட்த்த லிஸ்ட்ல ஆம்பளைங்க மேட்ச் மட்டும்தான் கீதுன்னு, அவர்தான் அன்னிக்கே சொன்னாரே. ஏண்ணே, உங்களாண்ட சொல்லலியா?"

அவர் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். குடித்தாரா இல்லையா என்று அவருக்கே ஞாபகமில்லை. புஷ்பவல்லியின் முகம் மெல்ல மாறியதை மட்டும் சொன்னார். தான் எதையோ உடைத்துவிட்டது அவளுக்குப் புரிந்துவிட்டது.

தெருமுனையில் நின்றுகொண்டார். ஒரு மணிநேரம் இருக்கும். லாரிகள் நகரவில்லை, அவரும் நகரவில்லை. அப்போதுதான் மாயாவின் போன் வந்தது. பின்னால் ஒரே கூச்சல்.

"நைனா! கப்பு நம்மளுது! பெனால்டில ரெண்டு புட்ச்சேன்! பாத்தியா?"

அவர் வாயைத் திறந்தார். ஒரு லாரி ஹாரன் அடித்து ஓய்ந்தது.

"பாத்தேம்மா."

"எல்லாரும் பாத்தாங்களா? சொக்கம்மா ஆயா?"

"எல்லாரும்."

போனை வைத்தபோது எதிரில் துரை வண்டியில் வந்து நின்றான். கையில் ஒயர்ச் சுருள். இவர் நின்ற நிலையைப் பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வண்டியை விட்டு இறங்கவில்லை.

"தெரிமாடா உனக்கு?" என்றார் பீம்ராவ்.

"மாமு, வூட்டுக்கு வா. பேசிக்கலாம்."

"தெரிமா, தெரியாதா?"

துரை ஒயரைச் சுற்ற ஆரம்பித்தான். ஏற்கெனவே சுற்றியிருந்ததைத்தான் அவிழ்த்து மறுபடி சுற்றினான். "நூறு பாக்ஸ் சேராட்டி என் ஏரியாவ வேற ஆளாண்ட குட்த்துருவேன்னுட்டான். என் பொயப்பு போய்டும். நா போய் கேட்டா எவன் ஓ.டி.பி. சொல்லுவான்? உன் வாய் கேட்டா சொல்லுவாங்க. அத்தான்."

"என் பொண்ண வெச்சி."

"அத்த சொல்லலன்னா நீ மாடி ஏறியிருக்க மாட்ட."

அது உண்மைதான் என்று பீம்ராவ் என்னிடம் சொன்னார். பதினோரு வருடம் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே கோலில் நின்றிருக்கிறார். அவன் எந்தப் பக்கம் திரும்புவான் என்று இவருக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தார். இவர் எதற்கு அசைவார் என்று அவன்தான் சரியாகத் தெரிந்து வைத்திருந்தான். ஓங்கி ஒரு அறை விட்டிருக்கலாம். விடவில்லை. பிறகு பீம்ராவ் பைக்கை எடுத்தார்.

பிளாக்குக்கு வந்தபோது டிவியை யாரோ மேலே ஏற்றியிருந்தார்கள். அவர் மறைக்கவில்லை. பெண்கள் மேட்ச் அதில் கிடையவே கிடையாது, துரைக்கு முதலிலேயே தெரியும், நான் ஏமாந்தேன், உங்களையும் ஏமாற வைத்தேன் என்று படிக்கட்டில் நின்று சொன்னார். அவர் மாடி ஏறிப் போன பிறகுதான், "ரெண்டு பேரும் தோஸ்து. இவருக்கு எவ்ளோ துட்டு வெட்னானோ" என்று பாரி சொன்னான். மெதுவாகத்தான் சொன்னான். படிக்கட்டில் எந்தச் சத்தமும் மேலே கேட்கும்.

நானும் அங்கேதான் நின்றிருந்தேன். அப்படி இல்லை என்று சொல்லவில்லை.

மறுநாள் காலை மாயா வந்தாள். கீழே சொக்கம்மாள் அவள் கன்னத்தை வழித்து, "இன்னாடி, கப்பு வாங்கிட்டியாமே! அந்த பாழா போன டிவில உன்ன காட்டவேயில்லடி" என்றாள். மாயா ஒரு நிமிடம் அங்கேயே நின்றாள். பிறகு மேலே போனாள்.

பீம்ராவ் மெடலைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவள் பையை இறக்கி வைத்தாள். ஷூவைக் கழற்றினாள். வெகுநேரம் கழித்து, "நைனா, கடைசி பெனால்டிக்கு நா எந்தப் பக்கம் பாய்ஞ்சேன்?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையைச் சொல்ல ஒரு வாசல் திறந்துவிட்ட மாதிரி இருந்ததாம் அந்தக் குரல். அது அவருக்கு அப்புறம்தான் புரிந்தது.

"வலது பக்கம்" என்றார்.

"பாயவே இல்ல நைனா. நடுவுலயே நின்னேன். பந்து நேரா என் நெஞ்சுக்கு வந்துச்சி."

அதற்குப் பிறகு அவள் அந்த ஃபைனலைப் பற்றி வீட்டில் பேசியதே இல்லை. கையுறையைக் கழுவி ஆணியில் மாட்டினாள். துரை செய்தது ஒரு பக்கம் இருக்கட்டும், 'பாத்தேன்' என்ற அந்த ஒரு வார்த்தையை அவன் என்னைச் சொல்ல வைக்கவில்லையே என்று பீம்ராவ் என்னிடம் சொன்னபோது டீ முழுக்க ஆறியிருந்தது.

துரை இப்போதும் கேபிள் நடத்துகிறான். இன்டர்நெட்டும் கொடுக்கிறான், ஏரியா பெரிதாகிவிட்டது. எங்கள் பிளாக்கில் பாதிப் பேர் வேறு ஆளிடம் மாறிவிட்டார்கள், மீதிப் பேர் மாறவில்லை. புஷ்பவல்லி பீம்ராவை வழியில் பார்த்தால் நின்று பேசுகிறாள். பாரி எண்ணூர் துறைமுகத்துக்கு வேலை மாறிப் போனான். சொக்கம்மாள் சீரியல் சேனலைத் திரும்பப் போட்டுக்கொண்டாள். அந்த நான்கு மாதக் கதையை யாரும் அவளுக்குச் சரியாகச் சொல்லவில்லை. மாயா இன்னும் ஒரு வருடம் ஆடினாள். முட்டி போய்விட்டது. இப்போது ஐரீனோடு சேர்ந்து சின்னப் பெண்களுக்குக் கோச்சிங் கொடுக்கிறாள். பீம்ராவ் துறைமுகத்துக்குப் போய்வருகிறார். அவர் வீட்டில் கேபிள் இல்லை. யார் போனில் என்ன நம்பர் வந்தாலும் இப்போது யாரும் அவரிடம் காட்டுவதில்லை. அவரும் கேட்பதில்லை.