அஞ்சாங் கட்டிலுக்கு வந்த சீழ்

அந்த ஆஸ்பத்திரி பேரைச் சொல்ல வாய் கூசுது. உத்திரமேரூர்லேர்ந்து பஸ்சு ஏறிப் போனோம், அவ்ளோதான். நெல்லு மூட்டை தூக்கித் தூக்கி எங்க வூட்டுக்காரருக்குக் குடலெறக்கம். டாக்டரு நல்லாத்தான் அறுத்துத் தெச்சாரு. அவரை நான் கொறை சொல்லல.

கட்டு மாத்தறதுக்குன்னு ஒருத்தன் இருந்தான், ஜெகந்நாதன்னு. பெரிய கலெக்டருன்னு நெனப்பு. மொதக் கட்டில்ல தாண்டவராயன்னு ஒரு பெரியவரு, கால்ல சீழ் வடிஞ்சிக்கினு கெடந்தாரு. காலையில அவரைத்தான் மொதல்ல தொடுவான். அப்புறம் அதே இடுக்கி, அதே பேசின் தண்ணி, கையைக்கூடக் கழுவாம அடுத்த கட்டிலுக்குப் போவான்.

செவ்வாக்கிழமை ரெண்டாங் கட்டிலுக்கும் மூணாங் கட்டிலுக்கும் சீழ் வச்சிது. வெள்ளிக்கிழமை நாலாவது. எனக்கு எழுத்துத் தெரியாது, கட்டில் எண்ணத் தெரியும். எங்காளு அஞ்சாவது.

"ஐயா, இவருக்கு மொதல்ல கட்டிட்டு அப்புறம் அந்தப் பெரியவர்கிட்ட போங்களேன்"னு கும்பிட்டுக் கேட்டேன்.

"எனக்கே சொல்லித் தரியா? கருவாடு ஊட்டினா சீழ்தான் வைக்கும். உங்க ஜனத்துக்குச் சுத்தம்னா என்னன்னு தெரியுமா?"ன்னான்.

கருவாடாம்! கஞ்சித் தண்ணியே தொண்டையில எறங்காத மனுசனுக்குக் கருவாடு! த்தூ.

மறுநா காலையில ஆஸ்பத்திரி பின்பக்கம் போனேன். ஸ்டவ்வுல தண்ணி தளதளன்னு கொதிச்சிக்கினு கீது, உள்ள இடுக்கி. ஜெகந்நாதன் சோப்பு போட்டு முழங்கை வரைக்கும் தேய்ச்சிக்கினு கீறான். இன்னாடா அதிசயம்னு பாத்தா, அவன் மச்சினன் சேஷுவுக்கு ஆப்ரேசனாம். தனி ரூம்ல படுக்க வச்சிருந்தான். அங்கதான் மொதல்ல போனான்.

அடப்பாவி! தெரியாத மனுசன் பண்ணியிருந்தாகூட மன்னிச்சிருப்பேன். இவனுக்குத் தெரிஞ்சிருக்குது.

ஓடியாந்து எங்காளு கட்டை மோந்து பாத்தேன். நாத்தம் வந்துடுச்சி.

அப்பத்தான் டாக்டரு வந்தாரு. மொதக் கட்டிலுக்குக் கட்டு மாத்தின பேசினும் கையுமா நின்ன ஜெகந்நாதன் முந்திக்கினு, "கருவாடு தின்னிருக்கான் சார்"ன்னான்.

"ஆமாங்க டாக்டரு"ன்னேன். "தனி ரூம்ல கீற இவரு மச்சினனுக்கும் இந்த பேசின் தண்ணியிலயே கட்டச் சொல்லுங்க. அவருதான் கருவாடு திங்க மாட்டாரே, ஒண்ணும் ஆவாது."

ஜெகந்நாதன் பேசினை முதுகுக்குப் பின்னாடி மறைச்சான். டாக்டரு அதையே பாத்துக்கினு நின்னாரு.

அன்னிலேர்ந்து எல்லாருக்கும் தண்ணி கொதிச்சிது. ஒம்பதாம் நாளு எங்க வூட்டுக்காரரைப் பாயில சுத்திக் குடுத்தாங்க. அதே வாசல்ல சேஷு கையை வீசிக்கினு நடந்து போனான்.