எட்டு விநாடித் தண்ணீர்

பாறை முழுவதும் வெள்ளையாக வழிகிறது, உலரப் போட்ட வேட்டியைக் காற்று உப்ப வைப்பதுபோல் நடுவில் கொஞ்சம் புடைத்து, ஓரங்களில் நூல்நூலாகப் பிரிந்து, கீழே புகையாகிக் கலைந்து, ஆனால் சத்தம் இல்லை, இத்தனை தண்ணீர் விழுந்தும் சத்தமே இல்லை, ஏன் சத்தமில்லை என்று ஆவுடை நினைக்கும்போதே யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள், மின்விசிறி கடகடக்கிறது, அவள் இருப்பது கொக்குப்பாறை அருவிக்கு முன்னால் இல்லை, கோட்டாட்சியர் அலுவலகத்தின் கூட்ட அறையில், சுவரில் சாய்த்து வைத்த படத்துக்கு முன்னால், அதுவும் அவளே எடுத்த படம். தண்ணீர் கம்பெனி மேனேஜர் திரவியம் அதன் பக்கத்தில் நின்று, கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை அறிமுகம் செய்கிறவர் மாதிரி கையை நீட்டிப் பேசிக்கொண்டிருக்கிறார், பாருங்க மேடம், எங்க கம்பெனி மலையில தண்ணி எடுக்க ஆரம்பிச்சு ரெண்டு வருசம் கழிச்சு எடுத்த படம், அதுவும் ஏப்ரல் மாசம், அத்தனை வெயில்லயும் அருவி எப்படிக் கொட்டுது பாருங்க, இதுக்குப் பொறவும் நாங்க தண்ணிய உறிஞ்சிட்டோம்னு இந்தப் பாறையடி ஊர்ப் பொம்பளைங்க சொன்னா அனுமதிய நீட்டிக்கலாமா வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் கோட்டாட்சியர், முப்பது வயதுகூட இராத பெண், படத்தையே பார்க்கிறாள். அவள் கண்ணில் ஒரு குளிர்ச்சி வந்து போவதை ஆவுடை பார்க்கிறாள், அந்தக் குளிர்ச்சியை எல்லாருடைய கண்ணிலும் பார்த்திருக்கிறாள், அதற்காகத்தானே அந்தப் படத்தை அப்படி எடுத்தாள்.

நாலு வருடத்துக்கு முந்தைய அந்த விடியலில் பாறை கறுப்பாக இருந்தது, சூரியன் இன்னும் முகட்டைத் தாண்டவில்லை, நிழலே இல்லாத மெல்லிய வெளிச்சம் பக்கவாட்டில் கசிந்துகொண்டிருந்தது, ஆவுடை கேமரா ஸ்டாண்டை ஊன்றிவிட்டு முதலில் செய்தது மறைக்கிற வேலைதான், பாசி காய்ந்து மஞ்சளாகச் செதில் விட்டிருந்த இடத்தை மறைக்க இரண்டடி இடது பக்கம் நகர்ந்து ஒரு பெரணி இலையை முன்னால் கொண்டுவந்தாள், அடியில் தடாகம் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது, அதைப் படச் சட்டத்துக்கு வெளியே தள்ளினாள், இலைக்கு அடியில் ஒரு டார்ச்சை வெண்ணெய்க் காகிதம் சுற்றி வைத்தாள், இலை உள்ளேயிருந்தே பச்சையாக ஒளிர்ந்தது. தண்ணீர் என்று அன்றைக்கு இருந்தது ஒரு சுண்டுவிரல் கனம். உச்சியிலிருந்து ஒற்றைக் கயிறாக இறங்கி, காற்று அடித்தால் இடப்பக்கம் போகும், காற்று விட்டால் வலப்பக்கம் வரும், அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குத் திடீரென்று புரிகிறது, இப்போதும் அதே சிலிர்ப்பு முதுகில் ஓடுகிறது, கேமராவின் கண்ணை எட்டு விநாடி திறந்தே வைத்தால் அந்தக் கயிறு போகிற இடமெல்லாம் வெள்ளை பூசிக்கொண்டே போகும், சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மட்டை மாதிரி. லென்ஸுக்கு முன்னால் வெளிச்சத்தைக் குறைக்கிற கறுப்புக் கண்ணாடியை மாட்டினாள், காற்றுக்குக் காத்திருந்தாள், காற்று வந்தது, ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்க்குள் எண்ணினாள், எட்டு. திரையில் பாறை முழுக்க அருவி. அந்த மலையில் தன்னந்தனியாக நின்று சிரித்தாள், கையைத் தட்டிக்கொண்டாள் என்றுகூட ஞாபகம், அல்லது அது பிறகு கனவில் சேர்ந்துகொண்டதோ என்னவோ.

பிறகு நடந்ததெல்லாம் அந்த எட்டு விநாடி கொடுத்ததுதான், சென்னைக் கண்காட்சியில் முதல் பரிசு, பத்திரிகையில் அரைப் பக்கம், பஸ் ஸ்டாண்டு எதிரில் பாஸ்போர்ட் படமும் காதுகுத்துப் படமும் எடுத்துக்கொண்டிருந்தவள் அருவி ஆவுடை ஆனாள், கல்யாணத் தேதி குறித்ததும் ஐயரைப் பார்க்கிறதுக்கு முன்னால் அவளைப் பார்க்க வந்தார்கள், கம்பெனியே ஆள் அனுப்பிப் படத்தைக் காலண்டருக்குக் கேட்டது, கொடுத்தாள், கொடுத்ததில் பெருமைப்பட்டாள். கடைச் சுவரில் பெரிதாக மாட்டியிருந்தாள். அண்ணன் பெண்டாட்டி செல்லக்கனி ஒரு நாள் ஆதார் கார்டுக்குப் படம் எடுக்க வந்தாள், அருவிக்குக் கீழே பாறையடி ஊரில் வாழ்கிறவள், இடுப்பில் குடத்தழும்பு உள்ளவள், சுவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள், ஏட்டி, இது எந்த ஊரு அருவி, நம்ம ஊர்தான் மைனி, கொக்குப்பாறை என்றாள் ஆவுடை, சும்மா இருட்டி, கொக்குப்பாறைய எனக்குத் தெரியாதா, தெனம் அதும் மூஞ்சியிலதான முழிக்கேன், இது வேற எங்கயோ. ஆவுடை விழுந்து விழுந்து சிரித்தாள். ஊர்க்காரிக்கே அடையாளம் தெரியாதபடி எடுத்திருக்கிறேன் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். மைனி மட்டும் சிரிக்கவில்லை, போகும்போது இன்னொரு முறை திரும்பிப் பார்த்தாள், அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று ஆவுடை அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை, லைட்டைச் சரிசெய்து, மைனி, தலைய நிமிருங்க என்றாள்.

மைனி மறுபடி கடைக்கு வந்தது போன மாதம், கம்பெனியின் அனுமதியை நீட்டிப்பது பற்றிய முதல் விசாரணை முடிந்து நேராக, செருப்பை வாசலில் விடாமலே உள்ளே வந்தாள். வாய்க்கால் வத்திக் கெடக்குன்னு நாங்க சொன்னோம், கெணறு ரெண்டும் தூர்ந்துட்டுன்னு சொன்னோம், ரெண்டு மைல் நடந்து தண்ணி எடுக்கோம்னு பொம்பளைய ஒவ்வொருத்தியா எந்திரிச்சுச் சொன்னோம், எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு அந்தத் திரவியம் ஒன் படத்த எடுத்து வச்சான் பாரு, எங்க வாய் அடைச்சுப் போச்சுட்டி, அந்த மேடம் எங்களப் பாக்கா, படத்தப் பாக்கா, எங்களப் பாக்கா, நாங்கதான் பொய் சொல்லுதோம்னு ஆயிட்டு. நீங்க சொல்ல வேண்டியதுதான மைனி, அது நெசமில்லன்னு, என்றாள் ஆவுடை. நான் எப்படிட்டி சொல்லுவேன், எனக்கு என்ன தெரியும், எடுத்தவ நீ. அவ்வளவுதான், வேறு ஒரு வார்த்தை திட்டவில்லை, குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள் ஆவுடை, கம்பெனி பாட்டில், மைனி அதை வாங்கி மூடியைத் திறக்காமல் மேசை மேல் வைத்துவிட்டுப் போனாள்.

இன்றைக்குக் காலையில் அலுவலக வராந்தாவில் திரவியம் அவள் தோளில் கேமராப் பையைப் பார்த்ததுமே பக்கத்தில் வந்துவிட்டார், அவர் மகள் கல்யாணத்துக்குப் படம் எடுத்தவள் இவள்தான், அந்த உரிமையில் மெதுவாகப் பேசினார், ஆவுடையக்கா, நீங்க இதுக்குள்ள எதுக்கு வாரீங்க, ஒங்களுக்கு ஊர்ல ஒரு பேரு இருக்கு, அது எதுனால வந்ததுன்னு எனக்கும் தெரியும் ஒங்களுக்கும் தெரியும், ஒங்க படம் பொய்னு நீங்களே சொன்னா நாளைக்கு எவன் தன் பிள்ள கல்யாணத்துக்கு ஒங்களக் கூப்பிடுவான். ஆவுடைக்கு நெஞ்சில் ஒரு கல் விழுந்தது, ஏனென்றால் அவர் சொன்னது சரி. பிறகு அந்தக் கல்லின் மேல் ஏறி நின்றுகொண்டாள். உங்க மகளுக்குக் கன்னத்துல இருந்த அம்மத் தழும்பக் கல்யாணப் படத்துல அழிச்சது நான்தான் அண்ணாச்சி, அதையும் சொல்லட்டுமா என்றாள். அவர் முகம் சுருங்கி நகர்ந்துபோனார்.

இப்போது கோட்டாட்சியர் கேட்கிறாள், வேற யாராவது பேசணுமா, பாறையடிப் பெண்கள் பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்து தரையைப் பார்க்கிறார்கள், ஆவுடை எழுந்துவிட்டாள், எழுந்தது கால்கள்தான், அவள் இன்னும் நினைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் படம் எடுத்தவ நான்தான் மேடம், அன்னைக்கு அருவியில இருந்தது ஒரு சுண்டுவெரல் தண்ணி. திரவியம் சிரித்தார், மேடம், அந்தம்மா சொந்தக்காரங்க அந்த ஊர்ல இருக்காங்க, அதான் பேச்சு மாறுது, படம் பொய் சொல்லுமா. கோட்டாட்சியர் பேனாவால் மேசையைத் தட்டினாள், நீங்க சொல்றத நான் எப்படிம்மா நம்புறது, கண்ணுக்குத் தெரியுதே. அந்தக் கேள்விதான் வேண்டியிருந்தது. பத்து நிமிசம் குடுங்க மேடம், உங்க கையாலயே ஒரு அருவி செஞ்சு காட்டுதேன். அறையில் ஒரு சலசலப்பு, யாரோ களுக்கென்றார்கள், ஆவுடை அதற்குள் சன்னல்களைச் சாத்தச் சொல்லிவிட்டாள், விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டாள், மூலையில் கரும்பச்சை இரும்பு பீரோ ஒன்று பாறை மாதிரி நின்றது, அதற்கு எதிரே ஸ்டாண்டை ஊன்றி, கறுப்புக் கண்ணாடியை மாட்டி, மேசை மேல் கிடந்த கோப்பிலிருந்து வெள்ளை நாடாவை உருவிக் கோட்டாட்சியர் கையில் கொடுத்தாள், ஒரு நாற்காலியில ஏறி இத பீரோவுக்கு முன்னால தொங்கவிட்டு ஆட்டுங்க மேடம், இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும், காத்து அடிக்காப்புல. அந்தப் பெண் தயங்கினாள், டவாலி போட்ட பியூன் பதறி நாற்காலியைப் பிடித்தார், பிறகு அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். மைனி, செல்போன் லைட்டப் பக்கத்துல இருந்து அடிங்க, நேரா அடிக்காதீங்க, நேரா அடிச்சா நாடா தெரியும், சைடுல அடிச்சாதான் தண்ணி தெரியும். மைனி பீரோவுக்குப் பக்கவாட்டில் போய் நின்று வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தாள். ஆவுடை படச் சட்டத்தை இறக்கி அதிகாரியின் கையை வெளியே தள்ளினாள், அன்றைக்குத் தடாகத்தைத் தள்ளின மாதிரியே, அந்த நினைப்பு ஊசியாகக் குத்தியது, குத்தட்டும், சத்தமாகவே எண்ணினாள், ஒன்று, இரண்டு, பெஞ்சிலிருந்த பெண்களும் சேர்ந்து எண்ண ஆரம்பித்தார்கள், எட்டு. சின்னத் திரையை எல்லார் முன்னாலும் நீட்டினாள். நாடா இல்லை, கை இல்லை, கரும்பாறையில் மேலிருந்து கீழ்வரை வெள்ளைத் திரையாக அருவி விழுந்துகொண்டிருந்தது. கோட்டாட்சியர் திரையைப் பார்த்தாள், கையிலிருந்த அரை விரல் அகல நாடாவைப் பார்த்தாள், பாறையடிப் பெண்களைப் பார்த்தாள், இந்த முறை அவள் பார்வை அவர்களிடமே நின்றது.

அப்படின்னா இவங்க இப்ப எடுத்த படத்த மட்டும் எப்படி மேடம் நம்புறது, எல்லாமே இந்தம்மா வித்தைதான, என்று திரவியம் எழுந்தார், கோட்டாட்சியர் நாடாவைச் சுருட்டிக்கொண்டே, நியாயம்தான், யார் படமும் வேண்டாம், நாளைக்கு நானே வந்து பார்க்கிறேன் என்றாள், உடனே திரவியம், தாராளமா வாங்க மேடம், வண்டி நாங்க அனுப்புறோம் என்றார், அந்த அவசரத்தில் ஆவுடைக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, மேலே மலையில் கம்பெனியின் தடுப்பணை, அதில் ஒரு மதகு, ஒரு ராத்திரி திறந்துவிட்டால் போதும், காலையில் கொக்குப்பாறை பொங்கி வழியும். அவள் கதவுக்குக் குறுக்கே போய் நின்றாள், நிற்க வேண்டும் என்று யோசிக்கவில்லை, நின்றாள். நாளைக்கு இல்ல மேடம், இப்ப. இப்பவா, மணி பதினொண்ணரை ஆச்சும்மா, சாப்பாட்டுக்குப் பிறகு பார்ப்போம் என்றாள் கோட்டாட்சியர், சாப்பாட்டுக்குப் பிறகு நெழல் விழுந்துரும் மேடம், நெழல் விழுந்தா எந்த அருவியும் அழகாயிரும், எங்க தொழில்ல உச்சி வெயில்ல அருவியப் படம் எடுக்கவே மாட்டோம், எல்லாம் தெரிஞ்சிரும்ங்கதுனால, அந்த வெயில்ல வாங்க. திரவியத்தின் கை செல்போனுக்குப் போனது, மைனி பெஞ்சிலிருந்து, ஏன் மேனேஜரு, இப்பவே யாருக்குப் போனு என்றாள், பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள், கோட்டாட்சியர் செருப்பை மாட்டினாள், போன உள்ள வைங்க சார், ஜீப்ல ஏறுங்க.

வெள்ளை வெயில். பாறையில் ஒளிய இடமில்லை, மஞ்சள் செதில் அத்தனையும் தெரிந்தது, தடாகத்துப் பாளங்களில் கால் வைத்தால் மொறுமொறுவென்று உடைந்தது, உச்சியிலிருந்து ஒரு நூல் இறங்கியது, சுண்டுவிரல்கூட இல்லை, காற்று வந்து அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது, கொஞ்ச நேரம் பாறையில் ஒரு சொட்டும் இல்லை. ஜீப் ஓட்டுநர் சுற்றும் முற்றும் பார்த்து, அருவி எங்கம்மா இருக்கு என்றார், திரவியம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு படம் எடுங்கம்மா, கோப்புல வைக்கணும், என்றாள் கோட்டாட்சியர். ஆவுடை கேமராப் பையைத் திறக்கவில்லை. என் கைய நம்பாதீங்க மேடம், நீங்களே எடுங்க, உங்க போன்ல, எடுத்த தேதியும் நேரமும் படத்துலயே விழுகாப்புல. அந்தப் பெண் போனைத் தூக்கினாள், வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நேராக நின்று, பெரணி இல்லாமல், ஓரம் பார்க்காமல், மூலையில் தன் கட்டைவிரல் விழுவதுகூடத் தெரியாமல், பாறை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்க, வானம் வெளிறிப்போயிருக்க, எடுத்தாள், எடுத்துவிட்டு ஆவுடையிடம் நீட்டினாள், சரியா இருக்கா பாருங்க. ஆவுடையின் விரல்கள் தாமாக எழுந்தன, ஓரத்தை வெட்ட, சாய்வை நிமிர்த்த, முப்பது வருடப் பழக்கம், அவற்றை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். சரியா இருக்கு மேடம், என்றாள், இதுல ஒண்ணையும் மாத்தாதீங்க.