குங்குமம் விழுந்த நிக்கல்

ஆயுதபூஜை என்றால் மாரிசெல்விக்குக் கை சும்மா இருக்காது. ஒரகடத்தில் அவள் வேலை பார்க்கும் சின்னக் கம்பெனியில் தராசு, பொடியை வில்லையாக அழுத்தும் பிரஸ், நாற்காலி என்று பினாயில் வாளி வரைக்கும் பொட்டு வைத்துத் தள்ளிவிட்டாள். கடைசியாக, எடை போடத் திறந்து வைத்திருந்த நிக்கல் குப்பியின் கழுத்தில் ஒரு பொட்டு வைக்கப் போனாள். ஒரு சிட்டிகைக் குங்குமம் உள்ளே விழுந்தது.

அவள் அழவே ஆரம்பித்துவிட்டாள். நிக்கலிலேயே அபூர்வமான ஒரு வகையை மட்டும் தனியே பிரித்தெடுத்த பொடி அது. விலையில் தங்கம் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. தானாகக் கதிர் வீசாத சாதுவான பொடிதான். இவர்கள் அதை வில்லையாக்கி அனுப்பினால், சென்னையில் ஓர் இயந்திரம் அதில் கொஞ்சத்தைக் கதிர்வீசும் செம்பாக மாற்றும். அந்தச் செம்பு சேர்ந்த மருந்து, புற்றுநோய்க் கட்டி எங்கே ஒளிந்திருந்தாலும் ஸ்கேனில் காட்டிக்கொடுத்துவிடும். நாளை மறுநாள் வில்லை போயாக வேண்டும்.

"ஏட்டி, அழுது ஊரைக் கூட்டாத" என்றாள் கூடவே வேலை பார்க்கும் அறைத்தோழி முத்துச்செல்வி. "செவப்பா இருக்கதை மட்டும் சுரண்டி எடுத்துட்டு, பழகுறதுக்கு வச்சிருக்க சாதா நிக்கலைப் போட்டுரு. நெறமும் ஒண்ணுதான். எவனுக்குத் தெரியப் போவுது?"

வேலை போனால் தூத்துக்குடியில் அம்மா முகத்தில் எப்படி விழிப்பது? மாரிசெல்வி சாதா நிக்கலைக் கரண்டியில் அள்ளியும்விட்டாள். ஆனால் எங்கோ ஒருவர் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அந்த ஸ்கேனுக்குக் காத்திருப்பாரே என்று தோன்றியது. கரண்டியை அப்படியே வைத்துவிட்டு, குப்பியோடு கெமிஸ்ட் எழிலரசியிடம் ஓடினாள்.

"மேடம், குங்குமத்தை உள்ள கொட்டிட்டேன். என்னைய வேலைய விட்டுத் தூக்கிருங்க."

பூஜைப் பொரியை மென்றுகொண்டிருந்த எழிலரசி குப்பியை எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டாள். அவள் பக்கத்து வடக்குப்பட்டுக்காரி.

"இதுக்கா இந்த அழுக? ஆசிட்ல கரைச்சு சுத்தம் பண்ணா குங்குமம் போயிடும். நிக்கல் எங்கயும் ஓடாது. நமக்கு ஓவர்டைம், அவ்ளோதான்."

"அப்பாடா! நான் வேற, சுரண்டிட்டு சாதா நிக்கலைப் போட்டுருவோமான்னு பாத்தேன் மேடம்."

எழிலரசியின் சிரிப்பு நின்றுபோனது. "போட்டியா?"

"இல்ல மேடம். கரண்டியோட சரி."

எழிலரசி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். "ரெண்டுமே நிக்கல்மா. கலந்துட்டா எந்த ஆசிட்டாலயும் பிரிக்க முடியாது. அங்க மருந்து சரியா வராது. ஸ்கேனுக்கு வந்தவங்களைத் திருப்பி அனுப்பிகினு இருப்பாங்க."

மாரிசெல்வி திரும்ப ஓடிப்போய், கரண்டியில் இருந்த சாதா நிக்கலை அதன் டப்பாவிலேயே கொட்டி இறுக்கி மூடினாள்.

வில்லை சொன்ன நாளில் வண்டி ஏறியது. அடுத்த வாரம் சென்னையிலிருந்து தகவல் வந்ததும் அவள் முத்துச்செல்வியைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

"ஒருத்தரைக்கூட திருப்பி அனுப்பலையாம்ட்டி!"